சுரத்துக்கு என்ன சான்று? வாழ்க்கை வரலாற்று ஆவணப்படங்களில் இசை

  ஆவணப்படத்துக்கு இசையமைப்பது பற்றி இந்தத் துறையின் மாணவர்களிடம் பேசச் சொன்னார்கள். அதிலும் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லும் படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காட்டைப் பற்றியோ அணையைப் பற்றியோ எடுத்த படத்தில் இசை பிசகினால் படம் கெடும், அவ்வளவுதான். ஒரு மனிதரைப் பற்றிய படத்தில் பிசகினால் அந்த மனிதருக்கே அநீதி நேர்ந்துவிடும்.

இப்படிப்பட்ட படம் எடுப்பவர் எல்லாவற்றுக்கும் சான்று தேடுகிறார். பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழ், சிறைவாசத்துக்கு அரசு ஆவணம், நட்புக்குக் கடிதம். பழைய புகைப்படத்தில் ஓரமாக நிற்பவர் யார் என்று உறவினர் பலரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே பெயர் போடுகிறார். இவ்வளவும் செய்துவிட்டு அதே புகைப்படத்தின் மேல் வயலின்களை ஏற்றுகிறார். ‘பாவம் இவர்’ என்கின்றன அந்த வயலின்கள். அல்லது ‘மகான் இவர்’ என்கின்றன. அதற்கு என்ன சான்று என்று எவரும் கேட்பதில்லை. பார்வையாளர் வர்ணனையோடு மனத்துக்குள் வாதாடுவார்; புள்ளிவிவரத்தைச் சந்தேகிப்பார். இசையோடு அவர் வாதாட முடியாது, ஏனென்றால் அது காதில் விழுந்ததை அவர் கவனித்திருக்கவே மாட்டார். ஆகவே அந்தக் கேள்வியை இசையமைப்பாளர்தான் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் சுரத்துக்கு என்ன சான்று? இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

நம் நாட்டில் இந்தக் கேள்வியை மிகக் கடுமையாகச் சந்தித்த படம் 1961இல் வந்தது. தாகூர் நூற்றாண்டை ஒட்டி ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரிக்க, சத்யஜித் ராய் இயக்கிய ‘ரவீந்திரநாத் தாகூர்’. ஏறக்குறைய 54 நிமிடம் ஓடும். ஆங்கில வர்ணனையை எழுதிப் படித்தவரும் ராயே. ஓர் இசையமைப்பாளருக்கு இதைவிடச் சிக்கலான மனிதர் கிடைக்கமாட்டார். தாகூர் 2,200-க்கும் மேற்பட்ட பாடல்களுக்குச் சொந்தக்காரர். அவருடைய எந்த வயதைக் காட்டினாலும் அந்த வயதில் அவர் எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்று இருக்கிறது. வங்காளப் பார்வையாளருக்கு அவை மனப்பாடம். அவருடைய வாழ்க்கைக்கு நாம் புதிதாக ஒரு மெட்டுப் போட்டால் அது குறுக்கீடாகத் தெரியும். அவருடைய பாடல்களையே தொகுத்து வைத்தாலோ படம் பாட்டுக் கச்சேரியாகிவிடும்.

அதே 1961இல்தான் ராய் ‘தீன் கன்யா’வில் தன் படத்துக்குத் தானே இசையமைக்கத் தொடங்கினார். அதுவரை அவருக்கு இசை தந்தவர்கள் ரவிசங்கர், விலாயத் கான், அலி அக்பர் கான். ‘தீன் கன்யா’வும் தாகூரின் கதைகள்தான், அதே நூற்றாண்டுக்காக எடுத்ததுதான். கதைப்படத்துக்குத் தானே இசையமைத்தவர், வாழ்க்கைப் படத்தின் இசையை ஜ்யோதிரிந்திர மொய்த்ராவிடம் கொடுத்தார். மொய்த்ரா கவிஞர், இந்திய மக்கள் நாடக மன்றத்தில் இருந்தவர், வங்கப் பஞ்சத்தின் நாட்களில் மக்களுக்காகப் பாட்டுக் கட்டியவர், ரவீந்திர சங்கீதத்தில் ஊறியவர். ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’வுக்கும் ‘கோமல் காந்தார்’ படத்துக்கும் இசையமைத்தவரும் அவரே. கற்பனைப் பாத்திரத்துக்கு இசை தருவதற்கும், வாழ்ந்த மனிதருக்கு இசை தருவதற்கும் வேறு வேறு தகுதி வேண்டும் என்று ராய் கருதினார் என்றே இந்தத் தேர்வை நான் வாசிக்கிறேன். அந்த மனிதரின் இசைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த காது இதற்குத் தேவைப்பட்டது.

படம் 1941 ஆகஸ்டில் தாகூரின் இறுதி ஊர்வலத்தோடு தொடங்குகிறது. கல்கத்தா வீதிகளில் மக்கள் வெள்ளம். அதன் பிறகு பின்னோக்கிப் போய், குடும்ப வரலாறு, ஜோராசாங்கோ வீட்டில் தனியாக உலவும் சிறுவன் என்று வளர்கிறது. சிறுவயதுக் காட்சிகளில் நடிகர்கள் இருக்கிறார்கள். பேச்சு இல்லை, வர்ணனையும் இசையும்தான். இந்த இடத்தில் இசையின் பொறுப்பு மிகக் கூடுதல். நடித்துக் காட்டியதைப் பார்வையாளர் நடந்ததாக எடுத்துக்கொள்ளாமல், நினைவாக எடுத்துக்கொள்ளச் செய்வது அந்த ஒலிதான். ‘வால்மீகி பிரதிபா’ இசைநாடகத்தையும் படம் மறு ஆக்கம் செய்து காட்டுகிறது. 1881இல் இளைஞர் தாகூர் ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளை எடுத்துக் கையாண்ட நாடகம் அது. இங்கே இசை தானே ஆவணமாகிவிடுகிறது. இங்கிலாந்திலிருந்து திரும்பிய ஓர் இளைஞனின் காதில் என்ன ஒலித்துக்கொண்டிருந்தது என்பதற்கு அந்த மெட்டைவிட நல்ல சாட்சி வேறு எது?

ஒரு கிளைச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். தாகூரின் பாடல்களில் நம் பக்கத்துக் காற்றும் உண்டு. ‘பாசந்தி ஹே புவனமோகினி’ என்ற பாட்டு தீட்சிதரின் ‘மீனாக்ஷி மே முதம்’ கீர்த்தனையைத் தழுவியது. ‘பாஜே கருண சுரே’ சிம்மேந்திரமத்திமத்தில் அமைந்த ‘நீது சரணமுலே’யை ஒட்டியது. சாந்திநிகேதனில் தென்னாட்டு மாணவியர் பாடக் கேட்டு அவர் உருவாக்கியவை. அவரது வாழ்க்கையைத் தமிழில் படமாக்க நாளை ஒருவர் முன்வந்தால், அந்தப் பகுதிக்கான சான்று அவருக்கு மதுரையிலேயே கிடைக்கும்.

உரிமைச் சிக்கலையும் மறந்துவிடக்கூடாது. தாகூர் பாடல்களின் பதிப்புரிமை விசுவபாரதியிடம் இருந்தது. அது 1991 முடிவில் காலாவதியாக வேண்டியது. 1992இல் சட்டத்தைத் திருத்தி ஐம்பது ஆண்டை அறுபதாக்கினார்கள். 2001 முடிவு வரை நீண்டது. ஓர் இசையமைப்பாளர் எந்தப் பாட்டைத் தொடலாம் என்பதைச் சட்டப் புத்தகமும் தீர்மானிக்கிறது. வாழ்ந்தவர் இசைக்கலைஞராக இருந்தால் வேலை தொடங்கும் முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

மீண்டும் ராயிடம் வருகிறேன். அவர் 1972இல் எடுத்த ‘தி இன்னர் ஐ’ இருபது நிமிடப் படம். சாந்திநிகேதனில் தனக்கு ஆசிரியராக இருந்த ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றியது. சிறுவயதிலிருந்தே கண்பார்வை குறைந்தவர். 1950-களின் பிற்பகுதியில் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் முழுவதுமாக இழந்தார். அதற்குப் பிறகும் காகிதம் வெட்டி ஒட்டினார், களிமண்ணில் உருவம் பிடித்தார், சுவரோவியம் செய்தார். இப்படி ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் பத்து இசையமைப்பாளர்களில் ஒன்பது பேர் சாரங்கியைத் தேடிப் போவார்கள். ராய், படத்தின் முடிவில், நிகில் பானர்ஜியின் சிதாரில் அசாவரி ராகத்தை வைத்தார். இந்துஸ்தானி அசாவரி நம் அசாவேரி போன்றதல்ல. நம் நடபைரவியின் சுரங்களோடு நெருங்கியது. காலையில் பாடும் ராகம். பார்வை போனவரின் கதை காலை ஒளியில் முடிகிறது.

இதைத் துணிச்சல் என்று பாராட்டுவதோடு நின்றுவிடக்கூடாது. சான்று எங்கே என்று பாருங்கள். குருட்டுத்தன்மையைப் புதியதோர் உணர்வாக, புதியதோர் இருப்பு நிலையாக முகர்ஜியே படத்தில் குறிப்பிடுகிறார். அவர் தன் நிலையைத் துயரமாகச் சொல்லவில்லை. அப்படி இருக்கும்போது இசைக்கு அவரைத் துயரத்தில் தள்ள என்ன அதிகாரம்? அசாவரி, வாழ்ந்தவரின் வாக்குமூலத்துக்குக் கட்டுப்பட்ட ராகம்.

என் பட்டறையிலும் இந்த நிலை வந்தது. இளமையில் சிறைக்குப் போன ஒரு பெண்மணியைப் பற்றிய படம். சிறை பற்றி அவர் பேசும் பகுதியில் எடிட்டர் ஏற்கெனவே ஒரு தற்காலிக இசையைப் போட்டிருந்தார். வேறு ஏதோ கதைப்படத்திலிருந்து எடுத்த ஷெனாய், மிக உருக்கமானது. இயக்குநருக்கு அது பிடித்துப்போயிருந்தது. நான் ஒலியை மூடிவிட்டு அந்த அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன். சிறையைப் பற்றிச் சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே கிடைத்த தோழிகளைப் பற்றிச் சொல்கிறார், வார்டரை ஏமாற்றி உப்பு வாங்கியதைச் சொல்கிறார். ஷெனாய் அந்தச் சிரிப்பைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் கடைசியில் இசையே வைக்கவில்லை. அவர் வீட்டு மின்விசிறியின் ஒலி போதுமானதாக இருந்தது.

தற்காலிக இசை என்கிற இந்த வழக்கம் ஆவணப்படத்துக்கு மிகவும் ஆபத்தானது. எடிட் நடக்கும் மாதங்களில் இயக்குநர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். இசையமைப்பாளர் வரும்போது அது படத்தின் ரத்தத்தில் கலந்துவிட்டிருக்கிறது. இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். வேறொருவர் வாழ்க்கைக்கு, அதுவும் கற்பனை வாழ்க்கைக்கு, அமைந்த உணர்ச்சியை இவருக்குப் போர்த்துகிறோம். என்னால் முடிந்தவரை எடிட்டுக்கு முன்பே ரஷ்ஷை, அதாவது வெட்டாத பதிவுகளை, பார்க்கக் கேட்கிறேன். நேர்காணல்களின் ஒலியை மட்டும் வாங்கி வந்து, படமில்லாமல் நாள்கணக்கில் கேட்கிறேன்.

அப்படிக் கேட்பதற்குத் தொழில்முறைக் காரணமும் உண்டு. ஆவணப்படத்தின் முதல் வாத்தியம் பேசும் குரல். ஆணின் பேச்சுக் குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை அமையும். பெண்ணின் குரல் 165 முதல் 255 வரை. செல்லோவின் இனிமையான பகுதி சரியாக இங்கேதான் இருக்கிறது. வயதான ஒருவர் தழுதழுத்துப் பேசும்போது செல்லோவைக் கீழே ஓடவிட்டால் இருவரும் ஒரே நாற்காலியில் உட்காரப் பார்க்கிறார்கள். சொல்லின் தெளிவு இன்னும் மேலே, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கிறது. வல்லின ஒலிகள் அங்கேதான் பிரிந்து கேட்கும். நாதஸ்வரத்தின் வீரியம் அந்தப் பகுதியில் கொட்டுகிறது. அதனால்தான் எவ்வளவு குறைத்து வைத்தாலும் நாதஸ்வரத்தைப் பேச்சுக்கு அடியில் வைக்க முடிவதில்லை. பேச்சு நின்ற இடத்தில் அதைத் தனியாக விடவேண்டும். அதற்கு அந்த மரியாதை உண்டு.

இன்னொன்று. ஒவ்வொருவரும் வாக்கியத்தை முடிக்கும்போது குரல் ஒரு குறிப்பிட்ட சுருதியில் வந்து இறங்கும். வேண்டுமானால் இன்று வீட்டுக்குப் போய் உங்கள் பாட்டி பேசுவதைத் தம்பூராவோடு வைத்துப் பாருங்கள். நான் அந்த இறங்கு சுருதியைச் சட்ஜமமாகவோ பஞ்சமமாகவோ வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது இசை பேச்சிலிருந்து எழுவதுபோல் கேட்கும். கதைப்படத்துப் பின்னணி இசைப் பணியில் நடிகரின் குரலை நாம் ஓரளவு நகர்த்தலாம், டப்பிங்கில் மாற்றலாம். இங்கே குரல்தான் ஆவணம், அதைத் தொடக்கூடாது. நாம்தான் நகரவேண்டும்.

பழைய சுருள்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏ.கே. செட்டியார் காந்தியின் வாழ்க்கையைப் படமாக்கப் பல கண்டங்கள் சுற்றி, பலர் பல ஆண்டுகளில் எடுத்த சுருள்களைத் தேடிச் சேர்த்தார். 1940இல் தமிழில் வெளியானது. நம் மொழியில் இந்தத் துறைக்கு அது தலைவாசல். அவருக்குக் கிடைத்தது போன்ற அக்காலச் சுருள்களில் பெரும்பாலானவை ஊமை. கையால் சுழற்றிய கேமராவில் நொடிக்குப் பதினாறு, பதினெட்டு சட்டம் என்று பதிவானவை, நொடிக்கு இருபத்து நான்கில் ஓடும்போது மனிதர்கள் துள்ளித் துள்ளி நடக்கிறார்கள். அந்தத் துள்ளலின் தாளத்துக்கு மிருதங்கமோ தபேலாவோ சேர்த்தால் தலைவர்கள் கோமாளிகளாகிவிடுவார்கள். படத்தின் நடையைப் பின்பற்றாமல், அந்த மனிதர் உண்மையில் நடந்திருக்கக்கூடிய வேகத்தில் இசை செல்லவேண்டும். இப்போது கணினியில் வேகத்தைச் சரிசெய்கிறார்கள். இருந்தாலும் அந்த ஊமைச் சட்டங்களில் நாம் சேர்க்கும் முதல் ஒலி நம்முடையது என்பதை மறக்கக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து ஓர் இசையமைப்பாளரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஃபிலிப் கிளாஸ். எரோல் மாரிஸ் 1988இல் எடுத்த ‘தி தின் புளூ லைன்’, டாலஸ் நகரில் போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ராண்டல் டேல் ஆடம்ஸ் பற்றியது. கொலை நடந்த இரவு திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது, ஒவ்வொரு சாட்சியின் கூற்றுக்கும் ஒருமுறை. கிளாஸின் இசையும் சிறு சுரக்கோவையைச் சுற்றிச் சுற்றி வருவது. சாட்சிகள் மாறுகிறார்கள், இசை அசையாமல் அங்கேயே நிற்கிறது. எது உண்மை என்று அது சொல்வதில்லை. மறுபடி பார் என்கிறது. அந்தப் படத்துக்குப் பிறகு 1989இல் ஆடம்ஸ் விடுதலையானார்.

அதே இருவரும் 2003இல் ‘தி ஃபாக் ஆஃப் வார்’ படத்தில் சேர்ந்தார்கள். வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்னமாரா கேமராவை நேராகப் பார்த்துப் பேசுகிறார். எண்பத்தைந்து வயது, கூர்மையான மூளை, தன் வாதத்தை அடுக்கத் தெரிந்தவர். 1945இல் ஜப்பானிய நகரங்களில் நடந்த தீக்குண்டு வீச்சைப் பற்றிச் சொல்லும்போது, ஒவ்வொரு நகரின் பெயரும் அழிந்த விழுக்காடும் அதற்கு இணையான அமெரிக்க நகரின் பெயரும் திரையில் அடுத்தடுத்து வெட்டி வெட்டி வருகின்றன. கிளாஸின் இசை அங்கே இரங்கற்பா பாடவில்லை. இயந்திரம்போல் ஓடுகிறது, கணக்குப் போட்டவர்களின் வேகத்தில். மெக்னமாராவின் குரல் நிதானமாக இருக்க, அடியில் இந்த ஓட்டம் அமைதியைக் குலைக்கிறது. அந்த இசைக்குச் சான்று திரையில் உள்ள எண்களே. பேசுபவரோடு இசை நேருக்கு நேர் நின்று வாதாடும் உயர்ந்த உதாரணம் இது.

2017இல் வந்த ‘ஜேன்’ படத்துக்கும் கிளாஸ்தான். ஜேன் குட்டால் கோம்பே காட்டில் சிம்பன்சிகளோடு வாழ்ந்த 1960-களில், ஹ்யூகோ வான் லாவிக் எடுத்த நூறு மணி நேரத்துக்கும் மேலான சுருள்கள் 2014இல் மீண்டும் கிடைத்தன. அவற்றிலிருந்து பிரெட் மார்கன் உருவாக்கிய படம். பேரழகானது. பெரிய வாத்தியக்குழு, அலை அலையாக எழும் இசை. பலரும் கொண்டாடினார்கள். எனக்கு அந்த இசையோடு உடன்பாடில்லை. அந்த இளம்பெண் காட்டில் செய்த வேலையே அசையாமல் உட்கார்ந்து கவனிப்பது. மாதக்கணக்கில் எதுவும் நிகழாத பொறுமை அது. இசை அவருக்கு அந்தப் பொறுமையை அனுமதிக்கவில்லை. அவர் மலையேறுவதற்கு முன்பே வெற்றி ஒலிக்கத் தொடங்குகிறது. மெக்னமாராவிடம் கேள்வி கேட்ட அதே இசைமொழி இங்கே எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறது. நேசிக்கத் தகுந்த மனிதரைப் பற்றிய படத்தில்தான் இசையமைப்பாளர் கூடுதல் விழிப்போடு இருக்கவேண்டும் என்று அதைப் பார்த்து எனக்குத் தோன்றியது.

நம் சென்னைக்கு வருகிறேன். 1976இல் ராய், நடனக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி ‘பாலா’ எடுத்தார். தமிழக அரசும் மும்பையின் நிகழ்த்துகலைகளுக்கான தேசிய மையமும் தயாரித்த படம் அது. பாலசரஸ்வதி ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். வீணை தனம்மாளின் பேத்தி, ஜெயம்மாளின் மகள். 1935இல் கல்கத்தாவில் அவர் ஆடியதைச் சிறுவன் ராய் பார்த்திருக்கிறார். படமாக்கும்போது அம்மையாருக்கு ஐம்பத்தெட்டு வயது. கடற்கரையில் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’வுக்கு அபிநயம் பிடிக்கிறார். காற்றில் புடவை படபடக்கிறது, பின்னால் அலை. வெட்டவெளிக் காற்று அபிநயத்தைக் கலைக்கிறது என்று குறை சொன்னவர்கள் உண்டு. நான் அந்தக் காட்சியை ஓர் இசைக்காரனாகவே பார்க்கிறேன். அந்தக் குடும்பத்தில் ஆட்டம் பாட்டிலிருந்து பிறப்பது. சங்கதி ஒன்று திரும்பும்போது கண்ணிமை திரும்புகிறது. யமுனா கல்யாணியின் ஒரு கமகம் நீளும் அளவுக்கே கை நீளுகிறது. இப்படிப்பட்ட ஒருவரின் மேல் வெளியிலிருந்து ஒரு சுரம் சேர்த்தாலும் அது அவருடைய அபிநயத்தைத் திருத்தி எழுதுவதாகும். ராய் அதற்குள் தேர்ந்த இசையமைப்பாளர். அந்தக் காட்சியை அவர் பாட்டின் கையில் விட்டுவிட்டார். படத்தின் நெடிய வர்ணத்தையும் அப்படியே விட்டார்.

கடைசியாக, இந்தத் துறையிடம் ஒரு கோரிக்கை. ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948 முதல் எடுத்த படங்கள் பல மொழி வர்ணனைகளோடு வெளியாயின. வர்ணனை மாறினாலும் இசைத் தடம் ஒன்றே என்பதால், ஒரு மொழியின் ஒரு சொல்லில் சாய்ந்து நிற்காத இசையை எழுதக் கற்ற ஒரு தலைமுறை அங்கே உருவானது. சென்னையில் பிறந்த விஜயராகவ ராவ் போன்ற புல்லாங்குழல் மேதைகள் அங்கே ஆண்டுக்கணக்கில் இசையமைத்தார்கள். அங்கே அவர்கள் அமைத்த இசை பெரும்பாலும் இசைத்தட்டாக வரவில்லை, பெயர்கள் திரையில் சில நொடிகள் வந்து போயின. அந்த நிறுவனம் இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்தப் படங்களின் குரல் கலக்காத இசைத் தடங்களும், சுரக் குறிப்புகளும், எந்த நிமிடத்தில் எந்த வாத்தியம் என்று எழுதிய கியூ தாள்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி ஒரு பட்டியல் தயாரிக்கும் ஆய்வேட்டை இங்கிருந்து ஒரு மாணவர் தொடங்கலாம். அங்கே வாசித்த கலைஞர்களில் சிலர் இன்னும் மும்பையிலும் சென்னையிலும் வாழ்கிறார்கள். அவர்களிடமிருந்து தொடங்குவது நல்லது. இதற்கு என்னாலான உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.